வெளியே விரற்கடை, உள்ளே முழம்



பிட்டத்தில் ஏற்படும் குத்துக்காயங்களும் அவற்றுக்கான அறுவை சிகிச்சையும் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர்கள் இங்கே பாதிப்பேராவது இருப்பீர்கள். சிரியுங்கள், குற்றமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பும் அதற்குப் பின்னால் இருக்கும் கூச்சமும்தான் காயம் பட்டவரை வீட்டிலேயே குப்புறப் படுக்க வைக்கின்றன. மார்கழி முடியப் போகிறது. சம்பா அறுப்பும் வைக்கோல் போரும் மாட்டுப் பொங்கலும் ஒன்றாக வந்து சேரும் நேரம். இந்தக் காயத்துக்கும் இதுதான் பருவம் என்பதால் இப்போதே பேசிவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகும் வழியில் கோயில்வெண்ணி இருக்கிறது. திருவாரூர் ரயிலில் போகிறவர்கள் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். கரிகாலனும் சேரமான் பெருஞ்சேரலாதனும் மோதிய வெண்ணிப் பறந்தலை அதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. புறநானூற்றின் 65, 66ஆம் பாட்டுகள் அந்தப் போரைப் பற்றியவை. அவற்றில் ஒன்றைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார், அந்த ஊர்ப் பெண். சேரமானுக்கு முதுகில் புண் பட்டது. புறப்புண்ணுக்கு நாணி அவன் வடக்கிருந்து உயிரை விட்டான். கரிகாலனின் வேல் மார்பில் பாய்ந்து முதுகு வழியாக வெளியே வந்தது, சேரமான் புறமுதுகு காட்டி ஓடியவன் அல்லன் என்று உரை சொல்வார்கள். தமிழாசிரியர்கள் அந்த இடத்தில் வீரத்தைப் பேசுவார்கள். நான் அறுவை மருத்துவன், எனக்கு வேறொன்று படுகிறது. ஆயுதம் நுழைந்த வாய் ஓரிடம், அது போன பாதை ஓரிடம், வெளிவந்த வாய் இன்னோரிடம். தோலில் தெரியும் புண்ணை மட்டும் பார்த்து ஊரும் உலகமும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து நாம் அவசரப் பிரிவில் செய்கிற தவறும் ஏறத்தாழ அதேதான். காயத்தின் வாயைப் பார்க்கிறோம், பாதையைப் பார்ப்பதில்லை.

பிட்டம் என்றால் சதைதானே, உட்காருவதற்காகக் கடவுள் வைத்த மெத்தை, அங்கே என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். மேலே தடித்த பெரிய தசை. அதற்கு அடியில் இடுப்பெலும்பில் ஒரு பெரிய துவாரம். இடுப்புக்கூட்டின் உள்ளிருந்து அந்தத் துவாரம் வழியாகத்தான் மேல் குளூட்டியல், கீழ் குளூட்டியல் என்ற இரண்டு தமனிகளும் வெளியே வருகின்றன. உடம்பிலேயே பருமனான நரம்பாகிய சயாடிக் நரம்பும் அதே வழியாக வந்து காலுக்கு இறங்குகிறது. அது வயது வந்தவருக்குக் கட்டைவிரல் பருமன் இருக்கும். துவாரத்துக்கு அந்தப் பக்கம் மலக்குடல், சிறுநீர்ப்பை, பெண்களுக்குக் கருப்பை, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள். ஆகவே பிட்டம் ஒரு சுவர் இல்லை, கதவு. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் அதில் வழி இருக்கிறது.

பண்டைய அறுவை மருத்துவர் சுசுருதர் இதைத் தெரிந்துவைத்திருந்தார் என்றே நான் நினைக்கிறேன். அவர் சொல்லும் மர்மம் என்ற 107 உயிர்நிலைகளில் 14 முதுகுப் பக்கம் இருக்கின்றன. அவற்றில் கடிகதருணம் என்ற இடத்தில் அடிபட்டால் ரத்தம் குறைந்து, உடல் வெளுத்து, நாள் கழித்துச் சாவு வரும் என்கிறார். குகுந்தரம் என்ற இடத்தில் பட்டால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் போகும் என்கிறார். முதலாவதில் தமனியும் இரண்டாவதில் நரம்பும் எனக்குத் தெரிகின்றன. பழைய நூலில் எல்லாம் இருக்கிறது என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் அடிபட்டவர்களைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்த யாரோ ஒருவர் எழுதிய வரிகள் அவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்த அரங்கில் இருக்கும் அத்தனை பேரும் பிட்டத்தில் குத்து வாங்கியவர்கள்தாம். ஊசியைச் சொல்கிறேன். பிட்டத்தை நான்காகப் பிரித்து, மேல்பக்கம் வெளிப்புறம் இருக்கும் கால்பகுதியில் போடு என்று செவிலியர் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். நரம்பு அங்கே இல்லை. இடம் தப்பிப்போட்டு, காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்ட குழந்தை மறுநாள் பாதத்தை இழுத்து இழுத்து நடந்த கதைகள் நம் கிராமங்களில் உண்டு. கைக்குழந்தைக்குத் தடுப்பூசியைத் தொடையில் போடுவது அதனால்தான். ஆனால் ஒரு விஷயம். ஊசிக்கு ஆபத்தில்லாத அந்த மேல்பகுதிதான் கத்திக்கும் கொம்புக்கும் ஆபத்தான பக்கம். இரண்டு தொடையெலும்புகளின் துருத்திய மேல்முனைகளைத் தொட்டுப் பாருங்கள், பேண்ட் பாக்கெட்டுக்கு அருகே கையில் தட்டுப்படும். அவை இரண்டையும் சேர்த்து மனதில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே குத்துப்பட்டவர்களுக்கு உள்ளுறுப்பும் பெரிய ரத்தக்குழாயும் சேதமாகும் வாய்ப்பு அதிகம். ஊசியின் நீளம் ஒன்றரை அங்குலம். கொம்பு அப்படிக் கணக்குப் பார்த்து நிற்பதில்லை.

இந்தக் காயத்தைப் பற்றி உலகில் எழுதியவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியும் கத்தியும் புழங்கும் நகரத்து மருத்துவர்கள். 2011இல் லண்டனைச் சேர்ந்த இருவர், அதுவரை ஏடுகளில் வந்த 664 நோயாளிகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். குண்டும் கத்தியும்தான் அதில் நிறைந்திருக்கின்றன. நம் டெல்டாவின் காயம் வேறு. இங்கே குத்துவது கொம்பு, முளைக்குச்சி, மூங்கில், கடப்பாரை, எப்போதாவது கருக்கரிவாள்.

கொம்பை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூரைச் சுற்றித் திருக்கானூர்பட்டியிலும் மாதாக்கோட்டையிலும் ஜல்லிக்கட்டு நடக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சி இருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2017இல் மெரினா போராட்டத்துக்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டது, 2023இல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அந்த வழக்கைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு, இந்த மேடையில் அது வேண்டாம். காளையை எதிர்கொண்டவருக்கு வயிற்றிலும் தொடையிலும் படும். திரும்பி ஓடுபவருக்கும், தடுப்பில் ஏறுபவருக்கும், கீழே விழுந்து தலையைக் காத்துக்கொண்டு குப்புறக் கிடப்பவருக்கும் பின்னால் படும். வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் படும். கொம்பு நேராகப் போய் நேராக வெளியே வருவதில்லை. குத்திய மாடு தலையை ஆட்டும், ஆளைத் தூக்கும், அவர் எடை முழுவதும் கொம்பின் மேல் இறங்கும். உள்ளே கொம்பு மத்துபோலச் சுழல்கிறது. ஆகவே தோலில் ஒரே ஓட்டை, உள்ளே இரண்டு மூன்று பாதைகள், ஒவ்வொன்றும் ஒரு திசையில். ஸ்பெயினில் காளைச் சண்டைக்காரர்களுக்கென்றே தனியாக வளர்ந்த அறுவை மருத்துவத்தின் முதல் பாடமும் இதுதான்: எல்லாப் பாதையையும் கண்டுபிடித்தாயா? மாட்ரிட் நகரின் காளையரங்கத்துக்கு வெளியே பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங்குக்குச் சிலை இருக்கிறது. காளைச் சண்டைக்காரர்கள் நன்றிக்காக 1964இல் வைத்தது. சிலைக்கு நானும் கும்பிடு போடுவேன். ஆனால் காயத்துக்குள் சாணியும் துணிக்கிழிசலும் செத்த சதையும் கிடந்தால் எந்தப் பெனிசிலினும் வேலை செய்யாது.

ஜல்லிக்கட்டுக் காயமாவது ஊர் பார்க்க நடக்கிறது. வாடிவாசல் பக்கத்திலேயே மருத்துவக்குழு நிற்கிறது, 108 ஆம்புலன்ஸ் நிற்கிறது. எனக்குக் கவலை, யாரும் பார்க்காமல் நடக்கிற மற்றதைப் பற்றி. ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். களத்துமேட்டில் வைக்கோல் போர் வேய்ந்துவிட்டு மேலிருந்து சறுக்கி இறங்குகிறார். போரைச் சுற்றி ஆடு மாடு வராமல் அடித்த மூங்கில் முளை ஒன்று வைக்கோலுக்குள் மறைந்து நிற்கிறது. அல்லது தென்னையிலிருந்து வழுக்கி வேலியின் மேல் விழுகிறார். அல்லது பெண்ணொருத்தி இருட்டில் வாய்க்கால் கரையில் ஒதுங்கப்போய்க் கால் இடறி, வெட்டிவிட்ட காட்டாமணக்குக் கட்டையின் மேல் உட்கார்ந்துவிடுகிறாள். வலிக்கிறது, கொஞ்சம் ரத்தம், புடவையில் துடைத்துக்கொள்கிறாள். யாரிடம் காட்டுவது? மாமியாரிடம்கூடச் சொல்லமாட்டாள். மஞ்சளை வைத்து அழுத்திக்கொண்டு மறுநாள் நடவுக்கும் போய்விடுவாள். மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல், சிறுநீர் போகவில்லை, பிட்டம் பாறையாக இறுகிப்போய் வருவாள். மலக்குடலில் ஓட்டை விழுந்து மலம் இடுப்புக்கூட்டின் கொழுப்பில் பரவி மூன்று நாள் ஆகியிருக்கும். முதல் ஆறு மணி நேரத்தில் வந்திருந்தால் பிழைப்பது எளிது. மூன்றாம் நாள் என்றால் என்னால் உறுதி சொல்ல முடியாது.

சரி, குத்திவிட்டது. என்ன செய்வது? குச்சியோ கம்பியோ உடம்பில் நின்றுகொண்டிருந்தால் பிடுங்காதீர்கள். இதை நான் எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்வேன். உள்ளே கிழிந்த ரத்தக்குழாயை அந்தக் குச்சியே அடைத்துக்கொண்டிருக்கலாம். தரையில் ஊன்றியிருந்தால் தரைப்பக்கம் அறுத்துவிடுங்கள், உடம்பிலிருப்பது அசையாமல் துணியைச் சுற்றிக்கட்டி, ஆளைக் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கவைத்துக் கொண்டுவாருங்கள். பைக்கில் நடுவில் உட்காரவைத்து அழைத்துவரும் வீரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனியாகக் கும்பிடு. குச்சி ஏற்கெனவே வெளியே வந்துவிட்டால் அதையும் கையோடு எடுத்துவாருங்கள். முனை முழுதாக இருக்கிறதா, ஒடிந்து உள்ளே தங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மூங்கில் சிலாம்பு எக்ஸ்ரேயில் தெரியாது. ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள், எட்டிப் பார்ப்பதற்காக எடுத்து எடுத்து வைக்காதீர்கள். 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து வண்டிக்குப் பஞ்சமில்லை. முன்பு வேதாரண்யத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் எல்லாரும் 1959இல் தொடங்கிய நம் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியைத்தான் நம்பி வரவேண்டும். இன்றைக்குத் திருவாரூரிலும் புதுக்கோட்டையிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன.

அங்கே போனதும் மருத்துவர் செய்யவேண்டிய வேலை ஒன்றைப் பலர் செய்வதில்லை. கையுறை போட்டு ஆசனவாயில் விரலை விட்டுப் பார்ப்பது. விரலில் ரத்தம் ஒட்டி வந்தால் மலக்குடலில் காயம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வராவிட்டாலும் பாதை அந்தப் பக்கம் போயிருந்தால் உள்நோக்கிக் குழாய்விட்டுப் பார்த்துவிட வேண்டும். சிறுநீரில் ரத்தம் உண்டா? பாதத்தை மேலே தூக்க முடிகிறதா? இரண்டு பாதங்களிலும் நாடி ஒன்றுபோல் துடிக்கிறதா? ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன். அழுத்தம் சரிந்துகொண்டே போனால் ஸ்கேன் அறைக்குப் போகக்கூடாது, நேராக அறுவை அரங்கு. இதில் எதையும் செய்யாமல் நாலு தையல் போட்டு, ஒரு டி.டி. ஊசி குத்தி, மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிற இடங்களும் உண்டு. அழகான தையல். அதற்குள்ளே கொதிக்கும் சீழ்.

ரத்தக்குழாயின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு அதில் ஆசை. நம் ஊரில் இரண்டாம் சரபோஜி 1798இல் பட்டத்துக்கு வந்து, தன்வந்திரி மகால் வைத்து, கண் நோயாளிகளின் படங்களை வரையச் சொல்லிக் குறிப்பு எழுதவைத்துக்கொண்டிருந்த காலம். அப்போது எடின்பரோவில் ஜான் பெல் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். அட்டை பிடித்து மருத்துவர்களுக்கு விற்பவர் ஒருவர் அவரிடம் வந்தார். நீண்ட கத்தரிக்கோலின் முனைமேல் விழுந்து பிட்டத்தில் குத்துப்பட்டவர். தோல் காயம் எப்போதோ ஆறிவிட்டது, ஆனால் பிட்டம் நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டே வந்தது. குளூட்டியல் தமனி கிழிந்து, ரத்தம் தசைக்குள்ளேயே தேங்கியிருந்தது. பெல் நீளமாக அறுத்தார். ரத்தம் வெள்ளமாகப் பாய்ந்தது. அதற்குள்ளே கையை விட்டு, தமனியைத் தேடிப்பிடித்துக் கட்டினார். மயக்க மருந்து வருவதற்கு நாற்பதாண்டுகளுக்கும் மேல் இருந்த நேரம் அது. ஆள் பிழைத்தார். 1801இல் வந்த தம் நூலில் பெல் இதை எழுதியிருக்கிறார். சேற்றில் இறங்கினால் அட்டை ஏறும் ஊர்க்காரர்களான நமக்கு அந்த மனிதரின் மேல் ஒரு உறவு தோன்றத்தான் செய்கிறது.

வீரம் சரி, வழி சரியா? அறுபட்ட குளூட்டியல் தமனி சுருங்கி இடுப்புக்கூட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். பின்னாலிருந்து குருட்டாம்போக்கில் இடுக்கியைப் போட்டால் சயாடிக் நரம்பும் சேர்ந்து மாட்டும். 1812இல் மேற்கிந்தியத் தீவுகளில் சாந்தா குரூஸ் என்ற இடத்தில் வில்லியம் ஸ்டீவன்ஸ் என்பவர் வேறு மாதிரி யோசித்தார். பிட்டத்தில் துடிக்கும் கட்டியோடு வந்த ஓர் அடிமைப் பெண்ணுக்கு, பிட்டத்தைத் தொடாமல் வயிற்றுப்பக்கமிருந்து போய், இந்தத் தமனிகளுக்குத் தாயான உள் இலியாக் தமனியைக் கட்டினார். அவளும் பிழைத்துப் பல ஆண்டுகள் இருந்தாள். ஊற்று வாயை அடைக்காமல் தலைமடையை அடைப்பது. மடை திறந்து மூடத் தெரிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். இன்றைக்கு அந்த வேலையைக் கத்தியில்லாமல் செய்கிறோம். தொடைத் தமனியில் நுண்குழாய் ஒன்றை நுழைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே கிழிந்த இடம் வரை கொண்டுபோய், உலோகச் சுருளையோ ஜெலட்டின் பஞ்சையோ வைத்து அடைப்பது. எம்பலைசேஷன் என்று பெயர். அந்த வசதி இருக்கும் ஊருக்குப் போய்ச் சேரும்வரை என்ன செய்வது? காயத்துக்குள் துணிச்சுருளைத் திணித்து அழுத்தலாம். இல்லாவிட்டால் சிறுநீர் வடிக்கும் ஃபோலி குழாயைப் பாதைக்குள் விட்டு, அதன் பலூனை நீரால் நிரப்பலாம். சில ரூபாய்ப் பொருள், ஓர் உயிரை வண்டிப்பயணம் முழுக்கத் தாங்கும்.

அட்டைக்காரரின் கதையில் இளம் மருத்துவர்களுக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. காயம் ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்துப் பிட்டத்தில் வீக்கம், சூடு, வலி என்று ஒருவர் வந்தால், சீழ்க்கட்டி என்று நினைத்துக் கத்தியை வைக்கத்தான் கை போகும். வைக்காதீர்கள். முதலில் கையை வைத்து அது துடிக்கிறதா பாருங்கள், ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேளுங்கள், டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். அது சீழாக இல்லாமல் கிழிந்த தமனியின் ரத்தக்குமிழாக இருந்தால், கீறிய நிமிடமே கூரைக்குப் பீச்சும்.

மலக்குடலுக்கு வருவோம். ஓட்டை விழுந்திருந்தால், வயிற்றில் தற்காலிகமாக ஒரு மலவாய் வைத்து, மலத்தைக் காயத்தின் பக்கம் போகவிடாமல் திருப்பிவிடுகிறோம். கொலாஸ்டமி என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பமே அழும். "இனிமேல் வயித்துலயாங்க?" என்று கேட்பார்கள். இல்லை, சில மாதங்களுக்குத்தான். காயம் ஆறியதும் மூடிவிடலாம். இரண்டாம் உலகப் போரில் பெருங்குடல் காயம் என்றாலே கொலாஸ்டமி என்று பிரிட்டிஷ் ராணுவம் உத்தரவே போட்டது. வியட்நாம் போரில் மலத்தைத் திருப்பு, வடிகுழாய் வை, கீழ்க்குடலைக் கழுவு, செத்த சதையை நீக்கு என்று நான்காக விரித்தார்கள். நாங்களெல்லாம் அந்த நான்கையும் மனப்பாடம் செய்து பாஸானவர்கள். பிறகு ஆராய்ந்தால், வடிகுழாயும் கழுவலும் எல்லோருக்கும் தேவையில்லை என்று தெரிந்தது. 2016இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் திருப்பிவிடுவதை வைத்துக்கொண்டு, வழக்கமாகச் செய்துவந்த அந்த இரண்டையும் விட்டுவிடச் சொல்கிறது. மூன்று நாள் கழித்து, சேறும் சாணியுமாக வருகிறவருக்கும் அதே கணக்கா? என் அனுபவத்தில் அப்படிப்பட்டவர்களுக்கு நான் இன்னும் வடிகுழாய் வைக்கிறேன்.

தசைக் காயத்தைப் பொறுத்தவரை சூத்திரம் பழையது. வாயை அகலத் திற, ஒவ்வொரு பாதையிலும் விரலை விட்டுக் கடைசிவரை போ, கிள்ளினால் துடிக்காத, வெட்டினால் ரத்தம் கசியாத சதையை எடு, லிட்டர் கணக்கில் உப்பு நீரால் கழுவு, தைக்காதே. நான்கைந்து நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால் தையல். "டாக்டர் தைக்காம விட்டுட்டாரு" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது அறுவை சிகிச்சையைவிடக் கடினம். நம் மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கிறது, சதையை அழுகவைத்து வாயு கட்டும் கிருமி இருக்கிறது, நெல்வயல் சேற்றில் மெலியாய்டோசிஸ் கிருமியும் இருக்கிறது. சர்க்கரை நோய்க்காரருக்குக் காயத்துக்குப் பிறகு விடாத காய்ச்சல் இருந்தால் அந்தக் கடைசி ஆளையும் தேடச்சொல்லி ஆய்வகத்துக்கு எழுதுங்கள். தடுப்பூசி போட்ட நினைவே இல்லாதவருக்கு டி.டி. மட்டும் போதாது, டெட்டனஸ் இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போட வேண்டும்.

கடைசியாக நரம்பு. உயிர் பிழைத்து, மலவாயும் மூடி, வீட்டுக்குப் போனவர் ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பி வருவார். பாதம் தொங்குகிறது, வரப்பில் நடந்தால் பெருவிரல் தட்டுகிறது. சயாடிக் நரம்பு அறுந்திருந்தால் உருப்பெருக்கி வைத்துத் தைக்கலாம். ஆனால் தைத்த நரம்பு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே பாதத்தைத் தூக்கும் தசைவரை அரை மீட்டருக்கு மேல் தூரம். ஒன்றரை ஆண்டு ஆகிவிடும், அதற்குள் தசை வற்றிவிடலாம். அதனால் காத்திருக்கும்போதே பாதத்துக்குப் பிளாஸ்டிக் தாங்கி போட்டு, மூட்டு இறுகாமல் தினமும் அசைத்துவர வேண்டும். இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. சயாடிக் நரம்பின் இரண்டு பிரிவுகளில் பாதத்தைத் தூக்கும் பிரிவுதான் பெரும்பாலும் அதிகம் சேதப்படும். பாதத்தை உள்பக்கம் திருப்பும் தசைக்குப் போகும் மற்ற பிரிவு தப்பிவிடுவது உண்டு. அப்படித் தப்பியிருந்தால் அந்தத் தசையின் நாணைக் கழற்றி, கணுக்காலின் முன்பக்கம் கொண்டுவந்து பொருத்திவிடலாம். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் தொழுநோயாளிகளின் தொங்கிய பாதத்துக்குச் செய்து காட்டிய முறை அது. ஆறு வாரம் மாவுக்கட்டு, பிறகு புது வேலைக்கு அந்தத் தசையைப் பழக்கும் பயிற்சி. பழையபடி ஓடச் சொல்லமாட்டேன். செருப்பு கழன்று விழாமல் நடக்கலாம், வரப்பில் ஏறி இறங்கலாம், நடவுக்குச் சேற்றிலும் இறங்கலாம்.

நேரமாகிவிட்டது. கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம். எழுந்து நின்று கேட்கக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதி அனுப்புங்கள், பெயர் போடவேண்டியதில்லை.